உட்பக்க ஈரம்

மார்ச் 22, செவ்வாய்

டிப்போவில் வேலை செய்த காலத்தில் ஒவ்வொரு பஸ்ஸுக்கும் ஒரு கொப்பி வைத்திருந்தேன். எந்தப் பஸ்ஸில் எங்கே தண்ணீர் ஒழுகுகிறது, எந்த றப்பரை எப்போது மாற்றியது என்று நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். இந்த வண்டிக்கும் இன்றிலிருந்து ஒன்று வைக்கிறேன். இதில் வண்டியைப் பற்றி மட்டும் எழுதுவதாக உத்தேசம். மற்றதை எழுதி என்ன ஆகப்போகிறது.

வண்டி என்றால் காருக்குப் பின்னால் கொழுவி இழுக்கும் மடிப்பு ட்ரெய்லர். மூடினால் ஒரு பெரிய பெட்டி. கைப்பிடியைச் சுழற்றினால் கூரை மேலே எழும்பும். இரண்டு பக்கமும் கட்டில்களை வெளியே இழுக்கலாம். மற்றதெல்லாம் கித்தான் சுவர். மகள் பள்ளிக்கூடம் போன காலத்தில், லீவுக்குக் கடற்கரைக்குப் போக என்று வாங்கியது. இப்போது இதுதான் வீடு. ஆறு பெருகி எங்கள் வீட்டு ஜன்னல் மட்டத்துக்கு வந்துவிட்டுப் போய் மூன்று கிழமை ஆகிறது. சுவர்ப் பலகைகளைக் கழற்றி எடுத்து, வீட்டை எலும்புக்கூடாக விட்டிருக்கிறார்கள். ஊரில் வாடகைக்கு ஒரு கோழிக்கூடும் இல்லை. மேட்டில், இப்படியான வண்டிகளை நிறுத்திக் குடியிருக்கிற கரவன் பார்க்கில் இடம் கிடைத்ததே பெரிய காரியம்.

மகள் சிந்துஜா டூவூம்பாவில் இருக்கிறாள். அரைநாள் கார் ஓட்டம். பெரிய வீடு, மலைக்கு மேலே, காய்ந்த இடம். வரச்சொல்லித் தினமும் போன் எடுக்கிறாள். வெள்ளம் வந்த மறுநாள் அவளுடைய புருஷன் திலோஜனும் போனில் கதைத்தார். "மாமா, அந்தப் பள்ளக் காணியை வாங்கவேண்டாம் எண்டு நான் அப்பவே சொன்னனான்" என்றார். முழங்காலளவு சேற்றில் நிற்கிற மனிசனுக்குச் சொல்கிற ஆறுதல் இது. அந்த வீட்டுக் கூரைக்குக் கீழே நான் படுக்கமாட்டேன்.

மனைவி ரதி கேட்டாள்: "மழை விட்டாப் பிறகு பிள்ளையிட்டைப் போவமே?"

"மழை விடட்டும், பாப்பம்" என்றேன்.

மார்ச் 25, வெள்ளி

வண்டியை வைத்திருக்கிற முறை. முன்பக்கம் கொஞ்சம் பதிய நிறுத்த வேண்டும், அப்போதுதான் கூரையில் தண்ணீர் தேங்காது. வாசலுக்கு முன்னால் கட்டிய கித்தான் பந்தலில் தண்ணீர் குளம் கட்டினால் தும்புத்தடியால் உள்ளிருந்து தள்ளிவிட வேண்டும். சப்பாத்து வாசலுக்கு உள்ளே வரக்கூடாது. கித்தானுக்குச் சோப் போடக்கூடாது, தண்ணீர் தாங்குகிற மெழுகு போய்விடும். ஈரமாக ஒருபோதும் மடிக்கக்கூடாது. மடித்தால் இரண்டு நாளில் பூஞ்சணம்.

விடிந்தால் உட்பக்கச் சுவர் முழுக்க வியர்த்திருக்கும். நான் மேலே துடைக்கிறேன், ரதி கீழே. கீழிருந்து மேலே, அழுத்தாமல் துடைக்கவேண்டும் என்று சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அழுத்தினால் வெளித் தண்ணீர் உள்ளே இறங்கும். முப்பது வருடமாக வீடு துடைத்தவளுக்குத் துடைக்கப் படிப்பிக்கிறீர்களோ என்று சிரித்தாள். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. துவாயைப் பிழிந்தால் அரை வாளி.

வெள்ளிக்கிழமை என்பதால் பின்னேரம் சாம்பிராணி காட்டினாள். வெள்ளத்தில் தப்பிய சாமான்களில் அந்தத் தூபக்காலும் ஒன்று. நாலு துண்டு கரியை வெளியில் மூட்டி, உள்ளே கொண்டுவந்து எல்லா மூலைக்கும் காட்டிவிட்டு, திரும்பவும் வெளியில் கொண்டுபோய் வைத்தாள். சேற்று நாற்றம் கொஞ்ச நேரத்துக்கு இல்லாமல் போனது.

மார்ச் 29, செவ்வாய்

பார்க்கை நடத்துகிற டெனீஸ் என்ற மனுஷி இன்று வந்து எட்டிப் பார்த்தாள். நல்லவள்தான், ஆனால் வாய் ஓயாது. நான் துடைப்பதைப் பார்த்துவிட்டு, அது மழை இல்லை, நீங்கள் விடுகிற மூச்சும் சோற்று ஆவியும்தான் என்றாள். கூரையில் இருக்கிற இரண்டு காற்றுக்கண்ணையும் எப்போதும் திறந்து வை, மழை என்றாலும் திறந்து வை, என்றாள்.

மழைக்குள் கூரையைத் திறந்து வைக்கட்டாம். பஸ் கூரையில் ஒழுக்குப் பிடித்து அடைத்தே தலை நரைத்தவனுக்குப் புத்தி சொல்கிறாள். ஓம் ஓம் என்று அனுப்பிவைத்தேன்.

சோற்றை மட்டும் இனிப் பந்தலுக்குக் கீழே வைத்து ஆக்கும்படி ரதியிடம் சொன்னேன்.

ஏப்ரல் 2, சனி

மழை.

ஏப்ரல் 5, செவ்வாய்

இரவு காற்றடித்து, கொஞ்சம் திறந்து கிடந்த காற்றுக்கண் வழியாகச் சாரல் ரதியின் படுக்கையில் விழுந்துவிட்டது. அவளும் சொல்லவில்லை. நனைந்த தலையணையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு படுத்திருக்கிறாள். காலையில் இருமல் கூடிவிட்டது. இரண்டு கண்ணையும் மூடி, சுற்றிவர வெள்ளி டேப் ஒட்டினேன். ஜன்னல் கித்தானை இழுத்து மூடுகிற சிப்புகள் தேய்ந்த இடங்களிலும் ஒட்டினேன். இனி ஒரு துளி வரட்டும் பார்ப்போம்.

மெத்தையைத் தூக்கிப் பார்த்தால் அடியில் கறுப்புப் புள்ளி. பூஞ்சணம். வினாகிரியில் தண்ணீர் கலந்து மெல்லிய பிரஷ்ஷால் தேய்த்தேன். இனி ஒவ்வொரு காலையும் மெத்தையைத் தூக்கி நிறுத்தவேண்டும்.

ரதி தன் உடுப்புகளை எல்லாம் ஒரு பாக்கில் அடுக்கி, கதவடியில், காய்ந்த மூலையில் வைத்திருக்கிறாள். ஈரம் படாமல் இருக்கவாம். நல்ல யோசனை என்றேன்.

ரதியை டொக்டரிடம் காட்டினேன், நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது என்றார். ஈரமில்லாத இடத்தில் வைத்திருக்கவேண்டும், இல்லாவிட்டால் நியூமோனியாவில் கொண்டுபோய்விடும் என்றார். மகள் வீட்டைப் பற்றி ரதி அவரிடம் சொல்லத் தொடங்கினாள். நான் இடையில் புகுந்து, இடத்தை நான் காய வைக்கிறேன் என்றேன். சொன்னால் செய்வேன்.

ஏப்ரல் 8, வெள்ளி

இன்று ஒன்றைக் கண்டுபிடித்தேன். ரதி சாம்பிராணி காட்டும்போது இருமல் வந்து, தூபக்காலை அடுப்புத் தட்டில் வைத்துவிட்டு இருந்துவிட்டாள். எடுக்க மறந்துபோனாள். அரை மணித்தியாலம் கழித்துப் பார்த்தால், அதற்கு நேரே உள்ள சுவர் பொரித்த அப்பளம் மாதிரிக் காய்ந்திருக்கிறது. தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். இத்தனை நாள் துவாயோடு மல்லுக்கட்டினேனே.

நாலு துண்டுக் கரிக்கே இவ்வளவு என்றால்.

ஏப்ரல் 9, சனி

பாபிக்யூக் கரி ஒரு மூடை வாங்கினேன். தூபக்கால் போதாது. பழைய இரும்புச் சட்டி ஒன்று கிடந்தது. வெளியில் நன்றாக மூட்டி, புகை எல்லாம் போய்ச் செந்தணல் ஆன பிறகுதான் உள்ளே கொண்டுவந்தேன். புகை இல்லை, நாற்றம் இல்லை. மேலே கொஞ்சம் சாம்பிராணி தூவினால் கோயில் மாதிரி இருக்கிறது.

ரதிக்குச் சம்மதமில்லை. "சாம்பிராணி காட்டினாப் பிறகு சட்டியை வெளியிலை வைக்கிறதுதான் வழக்கம். உள்ளுக்கை வைச்சுக்கொண்டு இருக்கிறேல்லை" என்றாள். ஏன் என்று கேட்டேன். ஏன் என்று அவளுக்குத் தெரியவில்லை, அம்மா அப்படித்தான் செய்வா என்றாள். காரணம் தெரியாத வழக்கத்தை வைத்து நான் என்ன செய்வது.

ஏப்ரல் 11, திங்கள்

சுவர் காய்ந்திருக்கிறது. மெத்தையின் அடி காய்ந்திருக்கிறது. துவாயைப் பிழிந்தால் ஒரு கைப்பிடி தண்ணீர்கூட இல்லை. பின்னேரம் ஒரு சட்டி, சாப்பாட்டுக்குப் பிறகு இன்னொன்று, படுக்கமுதல் அதை வெளியே எடுத்துவிடுகிறேன். பார்க்கில் மற்ற எல்லோரும் ஈரக்கோழி மாதிரித் திரிகிறார்கள். டெனீஸைக் கூட்டிவந்து காட்டவேண்டும்.

என் நீலச் சட்டையைக் காணவில்லை. துணி துவைக்கிற கொட்டகையில் விட்டுவிட்டாள் என்று ரதியைப் பேசினேன்.

இரண்டு பேருக்கும் தலையிடி. மழைக்கால அமுக்கம்.

ஏப்ரல் 14, வியாழன்

வருடப் பிறப்பு. பந்தலுக்குக் கீழே பொங்கினாள். மழையில் சூரியனை எங்கே தேடுவது, கிழக்குப் பக்கத்தைப் பார்த்துக் கும்பிட்டோம். சிந்துஜா போனில் அழுதாள். வருடப் பிறப்பன்று அம்மா கூடாரத்திலா இருக்கவேண்டும் என்றாள். இது கூடாரம் இல்லை, நன்றாகக் காய்ந்த வண்டி என்றேன். திலோஜனும் போனை வாங்கி, வந்து கூட்டிப்போகட்டுமா மாமா என்று கேட்டார். அதிலும் ஒரு கெட்டித்தனம் இருக்கும். தேவையில்லை என்றேன்.

ரதி பகலில் நன்றாக இருந்தாள். கொட்டகையில் வேறு பெண்களோடு கதைத்துச் சிரித்த சத்தம் கேட்டது. எனக்கும் வெளியே நடமாடும்போது தலையிடி விட்டுவிடுகிறது. பின்னேரம் உள்ளே வந்து சாப்பிட்டபின் ரதி சத்தி எடுத்தாள். பொங்கலுக்குப் போட்ட கஜு பழசாக இருக்கவேண்டும்.

படுக்கும்போது கேட்டாள்: "இஞ்சாருங்கோ, மழை விட்டாப் பிறகு பிள்ளையிட்டைப் போவமே?"

"மழை விடட்டும், பாப்பம். நீர் பேசாமல் படும்."

ஏப்ரல் 16, சனி

கடும் மழை. பந்தலின் ஒரு கால் சரிந்து, வெளியில் கட்டியிருந்த துணி முழுக்க நனைந்துவிட்டது. ரதிக்குக் குளிர். இன்று சட்டியை நேரத்தோடு வைக்கப்போகிறேன், நிறையக் கரி போட்டு.

ஏப்ரல் 20, புதன்

ஆஸ்பத்திரியிலிருந்து எழுதுகிறேன். கொப்பி என் ஜக்கெட் பையில் இருந்தது.

சனி பின்னேரம் சட்டியை உள்ளே வைத்துவிட்டு, ரதியைப் போர்த்திப் படுக்கவைத்து, வாசல் சிப்பை இழுத்து மூடிவிட்டு, ஈரத் துணிகளைக் கொட்டகைக்குக் கொண்டுபோனேன். காயவைக்கிற மெஷின்கள் எல்லாவற்றிலும் ஆட்கள். காத்திருந்தேன். பக்கத்து இடத்து மனுஷன் தன் மெத்தை ஊறிப்போன கதையைச் சொன்னான். நான் என்னுடைய முறையைச் சொன்னேன். வேண்டுமானால் வந்து தொட்டுப் பார் என்றேன். அவன் கேட்கக் கேட்க நானும் சொல்லிக்கொண்டே நின்றேன்.

திரும்பி வந்து சிப்பைத் திறந்ததும் முதலில் சுவரைத் தொட்டுப் பார்த்தேன். காய்ந்திருந்தது. இரண்டாவதாகத்தான் அவளைப் பார்த்தேன். கட்டிலிலிருந்து இறங்கி வாசலுக்கு வந்திருக்கிறாள். கதவடியில், அந்தப் பாக்கின் மேல் கன்னத்தை வைத்தபடி கிடந்தாள். முகம் நல்ல நிறமாக இருந்தது. அசதியில் படுத்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன். தோளைத் தட்டினேன். பிறகு அவளை மழைக்குள் இழுத்துப் போட்டுக்கொண்டு கத்தினேன். டெனீஸ் ஓடி வந்தாள்.

இங்கே ஒட்சிசன் கொடுத்தார்கள். இளம் டொக்டர் ஒருத்தி, உள்ளே என்ன எரிந்தது என்று கேட்டாள். ஒன்றும் எரியவில்லை, தணல் மட்டும்தான் என்றேன். நெருப்பைவிடத் தணல் மோசம், அதிலிருந்து வருகிற நச்சுக்காற்றுக்கு நிறமும் இல்லை மணமும் இல்லை என்றாள். காற்றுப்போக வழி இருந்ததா என்று கேட்டாள். கூரையில் இரண்டு கண் இருக்கிறது என்று சொன்னேன்.

அவள் கேட்டது வேறு. எனக்குத் தெரியும்.

ரதி நேற்றுக் கண் திறந்தாள். இன்று கஞ்சி குடித்தாள். சிந்துஜாவும் திலோஜனும் ஞாயிறு விடியவே வந்துவிட்டார்கள். திலோஜன் எனக்குத் தேத்தண்ணி வாங்கித் தந்தார். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

ஏப்ரல் 28, வியாழன்

டூவூம்பா. மருமகன் வீடு.

ரதி நடக்கிறாள், சாப்பிடுகிறாள், இருமலும் குறைந்துவிட்டது. காரில் வரும்போது, மழை விட்ட பிறகு வருவோம் என்றீர்கள், நான் செத்துப் பிழைத்த பிறகு அல்லவா கூட்டி வருகிறீர்கள் என்று பகிடி விட்டாள். சிந்துஜா சிரிக்கவில்லை. நான் சிரித்தேன். பிறகு ஒரு பெற்றோல் நிலையத்தில் இறங்கிக் கழிவறைக்குள் நின்று அழுதேன்.

திலோஜன் போய் வண்டியை மடித்து இழுத்துவந்து கராஜுக்குள் விட்டிருக்கிறார். அங்கே போய்ப் பார்த்தேன். காற்றுக்கண்களில் ஒட்டியிருந்த டேப் உரிக்கப்பட்டு, பசை துடைக்கப்பட்டிருக்கிறது. சிந்துஜாவுக்கு அதை அவர் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். நானும் சொல்லவில்லை.

கதவடியில் இருந்த பாக்கை சிந்துஜா பிரித்து அடுக்கினாள். மேலே ரதியின் இரண்டு நல்ல சேலை. அதற்குக் கீழே எல்லாம் என்னுடையவை. இடுப்பில் கட்டுகிற சாரம், பிறஷர் குளிசை, சவரப் பெட்டி, தோய்த்து மடித்த நீலச் சட்டை. என்றைக்காவது நான் ஓம் என்று சொன்னால், அந்த நிமிடமே வெளிக்கிடுவதற்கு.

மே 12, வியாழன்

ரதி கறிக்கு இரண்டு தரம் உப்புப் போட்டுவிட்டாள். எல்லோருக்கும் நடக்கிறதுதான்.

மே 16, திங்கள்

காலையில் குடையை எடுத்துக்கொண்டு நின்றாள். எங்கே என்று கேட்டேன். கக்கூசுக்கு என்றாள். கரவன் பார்க்கில் அது வெளியில், தூரத்தில் இருந்தது. இங்கே அறைக்குப் பக்கத்துக் கதவு. சொன்னதும், ஓ என்று சிரித்துக் குடையை வைத்துவிட்டாள். பின்னேரமும் குடையோடு நின்றாள்.

மே 20, வெள்ளி

டொக்டரிடம் போனோம். சில பேருக்கு இப்படி வருமாம். நச்சுக்காற்றில் அகப்பட்டு, எழும்பி, நன்றாக நடமாடி, வாரங்கள் கழித்து மூளை மங்கத் தொடங்குமாம். திரும்புமா என்று கேட்டேன். சிலருக்குத் திரும்பும், காத்திருந்துதான் பார்க்கவேண்டும் என்றார். எனக்குப் பயமாக இருக்கிறது. டிப்போவில் எனக்குத் திருத்தத் தெரியாத வண்டி இருக்கவில்லை.

சாம்பிராணி காட்டவா என்று சிந்துஜா கேட்டாள். வேண்டாம் என்று கத்திவிட்டேன். ரதி பயந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மே 25, புதன்

சிந்துஜாவை டெனீஸ் என்று கூப்பிட்டாள்.

ஜூன் 3, வெள்ளி

நல்ல வெயில். இங்கே வந்ததிலிருந்து மழையே இல்லை.

காலையில் எழும்பி வந்தால், ரதி முன்னறைச் சுவரைத் துவாயால் துடைத்துக்கொண்டு நிற்கிறாள். கீழிருந்து மேலே, அழுத்தாமல், நான் சொல்லிக் கொடுத்தபடியே. போன மாதம் வெள்ளையடித்த சுவர். சிந்துஜா ஓடிவந்து, அது காய்ந்துதான் இருக்கிறது அம்மா என்று துவாயைப் பறிக்கப் பார்த்தாள். ரதி விடவில்லை. திலோஜன் மெதுவாக சிந்துஜாவின் கையைப் பிடித்து அப்பால் கூட்டிப்போனார். குசினிக்குள் போய் அவள் அழுகிற சத்தம் கேட்டது.

"மேலை எனக்கு எட்டேல்லை. நீங்கள் துடையுங்கோ" என்று ரதி துவாயை என்னிடம் நீட்டினாள். நான் மேலே துடைத்தேன். அவள் பின்னால் நின்று, விட்ட இடங்களைக் காட்டினாள். முடிந்ததும், "பிழிஞ்சு தாங்கோ" என்றாள். வாசலுக்குப் போய்ப் பிழிந்தேன். காய்ந்த துவாய். ஆனாலும் என் பலம் கொண்ட மட்டும் பிழிந்தேன். கொண்டுவந்து கொடுத்தேன்.

வாங்கிக்கொண்டு, உள்ளே யாருக்கும் கேட்காமல் கேட்டாள்.

"இஞ்சாருங்கோ, மழை விட்டாப் பிறகு பிள்ளையிட்டைப் போவமே?"

"ஓம். நாளைக்குக் காலமை வெளிக்கிடுவம்."

"உண்மையாவோ?"

"உண்மையா."

அவளுடைய முகம் மலர்ந்தது. கலியாணமான புதிதில் பார்த்த முகம். குரலை இன்னும் தாழ்த்தி, "நான் எல்லாம் அடுக்கி வைச்சிட்டன். உங்கடை நீலச் சட்டையும் பாக்குக்கைதான் கிடக்கு. நீங்கள் துலைஞ்சுபோச்செண்டு பேசினியள்" என்றாள்.

அந்தச் சட்டையைத்தான் போட்டிருந்தேன். அவள் கையிலிருந்து துவாயை வாங்கிக்கொண்டு அடுத்த சுவருக்குப் போனேன்.